எச்.ஐ.வி. பரிசோதனை: இறுதி விடை உருவான வரலாறு

எச்.ஐ.வி. பரிசோதனையில் ‘தொற்று இல்லை’ என்ற முடிவும் ‘தொற்று உண்டு’ என்ற முடிவும் ஒரே வழியில் உறுதியாவதில்லை. இல்லை என்பதை உறுதி செய்வது நாள்கணக்கு. தொற்றுக்கு வாய்ப்பிருந்த நாளுக்கும் இரத்தம் எடுத்த நாளுக்கும் போதிய இடைவெளி இருந்தால்தான் அந்த விடை நிற்கும். உண்டு என்பதை உறுதி செய்வது மறுசோதனை. முதல் கிட்டில் தெரிந்தது வேறு கிட்களிலும் தெரிந்தால்தான் அது நோய்நிர்ணயம் ஆகும். இந்த இரண்டு விதிகளும் நாற்பது ஆண்டுகளில் படிப்படியாக உருவானவை. இந்தியாவில் அவற்றின் கதை சென்னையிலும் வேலூரிலும் தொடங்கி, வாலிநோக்கம் போன்ற கடலோர ஊர்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

சென்னையிலிருந்து வேலூருக்கு

எய்ட்ஸ் நோய் 1981-இல் அமெரிக்காவில் அடையாளம் காணப்பட்டது. அதற்குக் காரணமான வைரஸை 1983-இல் பாரிசின் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். இரத்தத்தில் அதைக் கண்டறியும் எலைசா சோதனைக்கு 1985 மார்ச்சில் அமெரிக்க அரசு உரிமம் வழங்கியது. இது மேலைநாட்டு நோய், இங்கே வராது என்ற பேச்சு அன்றைய இந்தியாவில் பரவலாக இருந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன் அதைச் சோதித்துப் பார்க்க முனைந்தார். தம்மிடம் முதுநிலை பயின்ற செல்லப்பன் நிர்மலாவிடம் அதையே ஆய்வுப் பொருளாகக் கொடுத்தார். பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகக் கைதாகி அரசு காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா இரத்த மாதிரிகள் சேகரித்தார். கையுறைகூட இல்லாமல் நடந்த வேலை அது. பிரித்தெடுத்த சீரம் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாக்கப்பட்டது. சென்னையில் அப்போது எச்.ஐ.வி. சோதனை வசதி இல்லை. எனவே 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவர் கணவரும் மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்குச் சென்றார்கள். அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தார்கள்.

வைரஸ் இயல் பேராசிரியர் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் எலைசா நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அந்த நிறமாற்றத்தை அவர்கள் உடனே இறுதி விடையாக எடுத்துக்கொள்ளவில்லை. சோதனை திரும்பச் செய்யப்பட்டது. அதே பெண்களிடம் மீண்டும் இரத்தம் பெறப்பட்டது. பிறகு மாதிரிகள் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வேறொரு முறையான வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் உறுதிசெய்யப்பட்டன. அதன் பின்பே மாநில, மத்திய அரசுகளுக்குத் தகவல் போனது. சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே மே மாதத்தில் சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. கண்டுபிடிப்பிலேயே, ஒரு சோதனை போதாது என்ற கொள்கை செயலில் இருந்தது.

ஆனால் இன்னொன்று அங்கே இல்லை. எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பதை விளக்கி ஒப்புதல் பெறுவதும், முடிவைச் சொல்லும்போது உடனிருந்து வழிகாட்டுவதும் அன்றைய வழக்கம் அல்ல. சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம், தானே முன்வந்து சோதித்துக்கொள்வோருக்கு ஆலோசனையையும் சேர்த்து வழங்கிய முன்னோடி இடங்களில் ஒன்றாயிற்று.

காத்திருப்பின் காரணம்

வைரஸ் உடலில் நுழைந்த மறுநாளே அதை எந்தச் சோதனையாலும் காண முடியாது. முதல் பத்து நாள் அளவுக்கு அது நுழைந்த இடத்துத் திசுக்களிலும் நிணநீர்க் கணுக்களிலும் பெருகுகிறது. இரத்தத்தில் அகப்படும் அளவுக்கு வருவதில்லை. அதன் பிறகு ஒவ்வொன்றாக அடையாளங்கள் தோன்றுகின்றன. முதலில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. தென்படும். சில நாள் கழித்து, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரம் தாண்டியதும், வைரஸின் உள்ளுறையில் உள்ள பி24 என்னும் புரதம் தென்படும். மூன்று வாரத்தை ஒட்டி, வைரஸை எதிர்க்க உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள்கள் தலைகாட்டும். எதிர்ப்பொருள் பெருகப் பெருக பி24 குறைந்துவிடும். எதிர்ப்பொருளோ பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இரத்தத்தில் இருக்கும்.

தொற்று ஏற்பட்ட நாளிலிருந்து சோதனை அதைக் காட்டும் நாள் வரை உள்ள இந்த இடைவெளியைச் சாளரக் காலம் என்பார்கள்; ஆய்வுக்கூடங்களில் ‘விண்டோ பீரியட்’ என்றே புழங்குகிறது. வைரஸின் இயல்பு எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், எந்த அடையாளத்தைச் சோதனை தேடுகிறதோ அதைப் பொறுத்துச் சாளரக் காலம் நீளும் அல்லது குறுகும். இதன் பிற்பகுதி நாள்களில் இரத்தத்தில் வைரஸின் அளவு மிக அதிகம். சோதனை ‘இல்லை’ என்று காட்டும்போதே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் வாய்ப்பு கூடுதலாக இருப்பது இந்தக் காலத்தின் ஆபத்து.

ஆறு மாதம் மூன்று மாதமானது

முதல் தலைமுறை எலைசா, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரஸைச் சிதைத்துப் பெற்ற கலவையைக் கொண்டு எதிர்ப்பொருளைத் தேடியது. எதிர்ப்பொருள் நன்றாகப் பெருகிய பிறகே அதற்குத் தெரியும். 1989-இல் வெளியான ஒரு கணிப்பு, தொற்றுற்றவர்களில் 95 சதவீதத்தினருக்கு ஏறத்தாழ ஆறு மாதத்துக்குள் எதிர்ப்பொருள் தெரியவரும் என்றது. ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற அறிவுரை அந்தக் காலத்துக் கருவிகளின் அளவுகோல். கருவிகள் மாறிய பின்பும் அந்தச் சொல் மருத்துவமனைகளிலும் மக்களிடமும் நெடுநாள் நிலைத்துவிட்டது.

1980-களின் இறுதியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கிட்கள், செயற்கையாக உருவாக்கிய வைரஸ் புரதங்களைப் பயன்படுத்தின. பொய்யான நேர்முடிவுகள் குறைந்தன. சாளரமும் ஆறு வாரம் அளவுக்கு வந்தது. 1990-களின் தொடக்கத்தில் வந்த மூன்றாம் தலைமுறைக் கிட்கள், முதலில் தோன்றும் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளையும் பிடித்தன. அதனால் மூன்று, நான்கு வாரங்களிலேயே பெரும்பாலான தொற்றுகள் வெளிப்பட்டன. எதிர்ப்பொருளோடு பி24 புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை 1990-களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்தது. அமெரிக்கா 2010-இல் அதற்கு அனுமதி கொடுத்தது. ஆர்.என்.ஏ.வைத் தேடும் நியூக்ளிக் அமிலச் சோதனை இவற்றுக்கும் முந்திக் காட்டும். அதன் செலவு அதிகம் என்பதால் வழக்கமான பரிசோதனைக்கு அது பயன்படுவதில்லை.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இன்று தரும் கணக்கு இது: நியூக்ளிக் அமிலச் சோதனை 10 முதல் 33 நாளிலும், நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை 18 முதல் 45 நாளிலும், எதிர்ப்பொருளை மட்டும் தேடும் சோதனைகள் 23 முதல் 90 நாளிலும் தொற்றைக் காட்டும். முதல் எண் மிக விரைவில் தெரியக்கூடிய நாள். அன்று ‘இல்லை’ என்று வந்தால் அது நல்ல செய்தி. இறுதிச் செய்தி அல்ல. இரண்டாம் எண்தான் விடை முடிவாகும் நாள். ஆக, ஆய்வுக்கூடத்து நான்காம் தலைமுறைச் சோதனைக்கு 45 நாள், மற்ற எதிர்ப்பொருள் சோதனைகளுக்கும் விரல்நுனி விரைவுச் சோதனைகளுக்கும் 90 நாள் என்பது இன்றைய எல்லை. இந்திய அரசு மையங்கள் மூன்று மாதக் கணக்கையே பின்பற்றுகின்றன. அந்த மூன்று மாதமும் கடைசியாகத் தொற்றுக்கு வாய்ப்பிருந்த நாளிலிருந்து தொடங்கும். இடையில் மீண்டும் வாய்ப்பு நேர்ந்தால் கணக்கும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

‘உண்டு’ என்ற விடைக்கு மூன்று கிட்

ஒரே சோதனையில் வரும் நேர்முடிவை நம்பிவிடக் கூடாது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். ஆயிரம் பேர் உள்ள ஓர் ஊரில் இரண்டு பேருக்குத் தொற்று இருப்பதாகக் கொள்வோம். தொற்றில்லாத ஆயிரம் பேரில் ஐந்து பேருக்குத் தவறாக ‘உண்டு’ என்று காட்டும் கிட் ஒன்றால் எல்லாரையும் சோதித்தால் ஏழு பேர் நேர்முடிவு பெறுவார்கள். அவர்களில் உண்மையில் தொற்றுள்ளவர் இருவர் மட்டுமே. வேறு புரதம் கொண்ட, வேறு முறையில் செயல்படும் இரண்டாவது கிட்டால் அந்த ஏழு பேரையும் சோதித்தால், அதுவும் அதே அளவு தவறு செய்தால்கூட, நாற்பது ஊர்களில் ஒருவருக்கே தவறான நேர்முடிவு மிஞ்சும். மூன்றாவது கிட்டையும் தாண்டினால் அது எட்டாயிரம் ஊர்களில் ஒருவர் என்றாகிவிடும்.

தொடக்கத்தில் இந்த உறுதிப்பாட்டை வெஸ்டர்ன் பிளாட் தந்தது. வைரஸின் புரதங்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்து, எவற்றுக்கு எதிராக எதிர்ப்பொருள் இருக்கிறது என்று அது காட்டும். செலவு அதிகம்; பயிற்சி பெற்ற கை வேண்டும். ஒன்றிரண்டு பட்டை மட்டும் தெரிந்தால் உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. அண்மையில் தொற்றியவர்களிடம் இந்த இரண்டுங்கெட்டான் விடை அடிக்கடி வந்தது. புதிய கிட்கள் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு முன்பே தொற்றைப் பிடிக்கத் தொடங்கியதும், அமெரிக்கா 2014-இல் அதைத் தன் வழக்கமான சோதனை வரிசையிலிருந்து விலக்கியது. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் அதைக் கைவிடப் பரிந்துரைத்து, தொடர்ந்து மூன்று சோதனைகளில் நேர்முடிவு வந்தாலே நோய்நிர்ணயம் என்றது. 1992-இல் உருவான தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம், நோய்க்குறி இல்லாதவர்களுக்கு மூன்று வெவ்வேறு கிட்களைப் பயன்படுத்தும் முறையை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் நடைமுறைப்படுத்தியிருந்தது.

நம்பிக்கை மையம்

தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இல் பதிவானது. இந்தியாவில் தொற்று மிகுந்த ஆறு மாநிலங்களில் ஒன்றாகத் தமிழ்நாடு எண்ணப்பட்ட காலம் அது. அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய ஆலோசனை, பரிசோதனை மையங்கள் பின்னர் ‘நம்பிக்கை மையம்’ என்ற பெயரில் வட்டார மருத்துவமனைகளுக்கும் பரவின. இங்கே சோதனை இலவசம். முடிவு பெரும்பாலும் அன்றே கிடைக்கும்.

சோதனைக்கு முன் ஆலோசகர் பேசுகிறார். தொற்றுக்கு வாய்ப்பு எப்போது இருந்தது என்று அவர் கேட்கும் கேள்வியில்தான் ‘இல்லை’ என்ற விடையின் மதிப்பு அடங்கியிருக்கிறது. ஒப்புதலுக்குப் பிறகு இரத்தம் எடுக்கப்படுகிறது. விரைவுச் சோதனைக் கிட்டில் ஒரு துளி இரத்தமோ சீரமோ விட்டு, அதன்மேல் கரைசல் சேர்க்கிறார் ஆய்வகநுட்பர். முதலில் கவனிக்க வேண்டியது கட்டுப்பாட்டுக் கோடு. அது தோன்றாவிட்டால் மற்றக் கோடுகள் என்ன காட்டினாலும் அந்தச் சோதனை செல்லாது. புதிய கிட்டில் திரும்பச் செய்ய வேண்டும். கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் தோன்றினால் எதிர்வினை இல்லை. இன்னொரு கோடு மங்கலாகத் தெரிந்தாலும் எதிர்வினை உண்டு என்றே கொள்ளப்படும். குறித்த நிமிடத்துக்கு முன்போ வெகுநேரம் கழித்தோ படித்தால் முடிவு பிழையாகும்.

முதல் கிட் எதையும் தவறவிடாததாகவும், இரண்டாவதும் மூன்றாவதும் பொய்யை வடிகட்டுபவையாகவும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. முதல் கிட்டில் எதிர்வினை இல்லையென்றால் சோதனை அத்தோடு முடிகிறது. இருந்தால் மற்ற இரண்டும் செய்யப்படும். மூன்றும் ஒத்துப்போனால் முடிவு உறுதி. ஒத்துப்போகாவிட்டால் ‘முடிவு தெரியவில்லை’ என்று எழுதி, சில வாரம் கழித்து மீண்டும் வரச் சொல்வார்கள். ஒரு கிட் மட்டுமே உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நடமாடும் முகாம்களிலும் எதிர்வினை தெரிந்தால், அங்கே அது முதல்கட்டச் சல்லடை மட்டுமே. உறுதிசெய்ய, சோதனைக்கு வந்தவர் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பப்படுவார்.

வாலிநோக்கம் கரையில்

வாலிநோக்கம், ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில் மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஊர். கடல்தொழிலும் உப்பளமும் இந்தக் கரையின் பழைய பிழைப்புகள். 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளங்கள் மாரியூர், வாலிநோக்கம் பகுதியில் பரந்து கிடக்கின்றன. ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவதும் பல தலைமுறையாகத் தொடரும் வழக்கம். 1986-இல் இந்தக் கரையில் ஒருவருக்குச் சந்தேகம் எழுந்திருந்தால், அவரது இரத்தம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தாண்டி வேலூர் வரை போக வேண்டியிருந்திருக்கும். இன்று அந்தத் தொலைவு வட்டார அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இந்தக் கரையில் எச்.ஐ.வி. சோதனையைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது நோய் பற்றிய அச்சம் மட்டுமல்ல, ‘மெடிக்கல்’ என்று சபுராளிகள், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள், சொல்லும் விசா மருத்துவப் பரிசோதனையும்தான். வளைகுடா நாடுகளுக்குப் போக, அவை அங்கீகரித்த மையங்களில் மார்பு எக்ஸ்ரேயுடன் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள் முதலியவற்றுக்கான சோதனையும் செய்தாக வேண்டும். போய் இறங்கிய பின் குடியிருப்பு அனுமதிக்காக அங்கே மறுபடியும் சோதிப்பார்கள். தொற்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவது அந்நாடுகளின் வழக்கம்.

இந்தப் பரிசோதனைக்குப் பின் கிடைக்கும் சான்றிதழின் இரண்டு பக்கமும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதுண்டு. ‘ஃபிட்’ என்ற சொல், இரத்தம் எடுத்த நாளுக்குச் சில வாரங்கள் முன்பு வரை இருந்த நிலையைத்தான் சொல்கிறது. அண்மைய வாரங்களில் நேர்ந்ததை அது சொல்லாது. ‘அன்ஃபிட்’ என்று வந்தாலும், மூன்று கிட்களின் முடிவு கையில் வரும்வரை அது நோய்நிர்ணயம் ஆகாது. ஒரு தாளைப் பார்த்து ஊரும் உறவும் முடிவுகட்டுவதற்கு முன், நம்பிக்கை மையத்தில் இலவசமாக உறுதிசெய்துகொள்ள வழி இருக்கிறது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒப்புதல் இன்றிச் சோதிப்பதையும் முடிவைப் பிறரிடம் சொல்வதையும் தடைசெய்கிறது. இந்தியாவில் வேலைக்கு எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்குவதையும் தடைசெய்கிறது.

இரத்த வங்கி தந்த பாடம்

தானம் பெறும் இரத்தத்தில் எச்.ஐ.வி. சோதனை 1989 முதல் இந்தியாவில் கட்டாயம். இரத்த வங்கிகளை ஒழுங்குபடுத்தும்படி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. பணத்துக்கு இரத்தம் கொடுப்பது 1998 முதல் தடைசெய்யப்பட்டது. இங்கே நோக்கம் ஒருவரின் நோயை நிர்ணயிப்பது அல்ல, பெறுபவரைக் காப்பது. அதனால் ஒரே சோதனையில் எதிர்வினை தெரிந்தாலும் அந்தப் பை அழிக்கப்படும். சாளரக் காலத்தில் உள்ள கொடையாளியின் இரத்தம் இதையும் தாண்டிவிடக்கூடும். கொடைக்கு முன் கேட்கப்படும் அந்தரங்கக் கேள்விகளுக்கு உண்மையான பதில் வேண்டியிருப்பது அதனால்தான். எச்.ஐ.வி. நிலையை அறிவதற்காக இரத்ததானம் செய்வது எவ்வகையிலும் தகாது.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்குச் செலுத்திய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது தெரியவந்து தமிழ்நாடே அதிர்ந்தது. கொடையாளிக்குத் தொற்று இருப்பது, வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் அவருக்கே தெரிந்தது. அவர் தாமே முன்வந்து இரத்த வங்கியிடம் சொன்ன பிறகு விஷயம் வெளிவந்தது. 2016-இல் அவர் கொடுத்த இரத்தத்திலேயே தொற்று தெரிந்திருந்தும் அவருக்குத் தகவல் சேரவில்லை. சோதனை சரியான விடையைத் தந்தாலும், அது உரியவரிடம் சேராவிட்டால் பயனில்லை என்பதற்கு அது கசப்பான சான்றாயிற்று.

விதிவிலக்குகள்

தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தையிடம் எதிர்ப்பொருள் சோதனை செய்தால் நேர்முடிவே வரும். அது தாயின் எதிர்ப்பொருள். நஞ்சுக்கொடி வழியாக வந்தது. முழுதும் மறைய 18 மாதம் வரை ஆகலாம். அதனால் குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தைத் தாளில் உலர வைத்து, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை ஆறாவது வாரம் முதல் செய்யப்படுகிறது. 2010 முதல் இது தேசியத் திட்டத்தில் இருக்கிறது. இறுதி விடை 18 மாதத்தில் அல்லது தாய்ப்பால் நிறுத்திச் சில வாரம் கழித்து, எது பிந்தியதோ அப்போது உறுதியாகும்.

ஊசிக்குத்து, வன்புணர்ச்சி போன்ற நிகழ்வுகளுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து, தொற்று ஏற்பட்டாலும் அதன் அடையாளங்களைத் தாமதப்படுத்தக்கூடும். எனவே இவர்களுக்கு 45 நாள், 90 நாள் கணக்கு அப்படியே பொருந்தாது. பின்தொடர் சோதனைகளுக்கான நாள்களை மருத்துவர் குறித்துக் கொடுப்பார். முன்கூட்டியே தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

தமிழ்நாட்டில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் தாம்பரம் அரசு மருத்துவமனையில் தொடங்கியது. அதன் பின் ‘உண்டு’ என்ற விடையின் பொருளே மாறிவிட்டது. மருந்தைத் தவறாமல் எடுத்து இரத்தத்தில் வைரஸ் காணாத அளவுக்குக் குறைந்தவர் உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றைக் கடத்துவதில்லை. ஆயினும் அவரது எதிர்ப்பொருள் சோதனை ‘உண்டு’ என்றே காட்டும். மருந்தை நிறுத்தலாமா என்று பார்ப்பதற்கு அந்தச் சோதனை உதவாது.

சந்தேகம் உள்ளவர் மூன்று மாதம் முடியட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதில்லை. முதல் 72 மணி நேரத்துக்குள் என்றால் தடுப்பு மருந்துக்காக உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாள் கடந்திருந்தால் இப்போது ஒரு சோதனையும், மூன்று மாதம் நிறைந்தபின் மற்றொன்றும் செய்துகொள்ள வேண்டும். அதுவரை ஆணுறை அவசியம், இரத்ததானம் கூடாது. அருகிலுள்ள நம்பிக்கை மையம் எது என்பதை 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டறியலாம்.